இடக்கை முடிச்சு

பூவாளங்குறிச்சியில் சடங்குகள் தாமே நடந்து வரும். அவற்றை யாரும் நடத்த வேண்டியதில்லை. வந்தவற்றுக்கு இடம் கொடுத்தால் போதும். ஒரு வீட்டில் திருமணம் என்றால், முதல் நாள் மாலையே அது வாசலில் வந்து நிற்கும். பசுமாட்டின் உயரமும் நிறைந்த நெல் மூட்டையின் கனமும் உடையது திருமணம். ஆகையால் அது படுப்பதற்காகக் கூடத்தில் ஒரு மூலையை முன்கூட்டியே ஒழித்து வைப்பார்கள். காதணி விழா ஆட்டுக்குட்டி அளவுதான் இருக்கும். ஆனால் தாய்மாமன் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டால், அவர் எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட முடியாது. புதுமனை புகுவிழா வீட்டுக்காரர்களை முந்திக்கொண்டு உள்ளே போய்விடும். பிறகு அதனிடம் கேட்டுக்கொண்டுதான் அவர்கள் நுழைய வேண்டும்.

இப்படி வருகின்றவற்றைக் கண்டவுடன் இன்னதென்று பெயர் சொல்லி, உரிய வாசல் வழியே அனுப்புவது இலஞ்சியத்தின் வேலை. ஊர்ப் பொது மண்டபத்தில் நெடுங்காலமாக அவள்தான் காப்பாளர். ஊரார் எல்லாவற்றையும் ‘விசேஷம்’ என்னும் ஒரே சொல்லைப் போட்டு மூடிவிடுவார்கள். இலஞ்சியம் அதற்கு ஒருநாளும் உடன்பட்டதில்லை. விழாவுக்குக் கூட்டம் வேண்டும். பார்ப்பவர் குறையக் குறைய அது இளைத்து, கடைசியில் ஒரு முழத் தோரணமாகிவிடும். சடங்குக்குக் கூட்டம் தேவையில்லை; வரிசைதான் தேவை. ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கினால், நடுக்கூடத்தில் படுத்துக்கொண்டு எழ மறுக்கும். வைபவம், கம்பளம் விரிக்காமல் படியேறாது. நோன்பு எதையும் உண்ணாது. அதற்கு உணவு நீட்டுவது மரியாதைக் குறைவு. சம்பிரதாயம் ஒருபோதும் தனியே வருவதில்லை. மற்றவற்றுள் ஏதாவது ஒன்றின் பின்னால் வரும். யார் அழைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வந்தவுடன் காபி கேட்கும்.

இவற்றுள் எதையும் இலஞ்சியம் இதுவரை மாற்றிச் சொன்னதில்லை. அவள் சொல்லுக்கு ஊரில் மறுசொல் இல்லை.

அவள் வீட்டில் இருந்தவர்கள் இருவர்: அவளும், அவளுடைய கணவரின் தங்கை பூரணமும். இளம் வயதிலேயே கணவனை இழந்த பூரணம், கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அந்தக் குழந்தை கதிரேசன் வளர்ந்து, படித்து, கோயம்புத்தூரில் வேலைக்குப் போய், அங்கேயே குடும்பமாகிவிட்டான். அண்ணன் ஆவுடையப்பனும் காலமாகிவிட்டார். மண்டபத்துக்கு வேண்டிய தாம்பூலப் பைகளைக் கட்டிக் கொடுப்பது பூரணத்தின் வேலை. வெற்றிலை, பாக்கு, தேங்காய் ஆகியவற்றை மஞ்சள் துணிப்பையில் இட்டு, வாயை நூலால் சுற்றி, இடக்கையால் முடிச்சுப் போடுவாள். பூரணத்துக்கு எல்லாமே இடக்கைதான். அவள் போட்ட முடிச்சை அவிழ்க்க அவளால் மட்டுமே முடியும். ஊரார் தாம்பூலப் பையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கத்தரிக்கோலால் நறுக்கித்தான் தேங்காயை எடுப்பார்கள். அதைக் குறையாக யாரும் சொன்னதில்லை.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த பூரணம் அங்கேயே நின்றாள்.

“மதினி, வாசல்ல என்னமோ நிக்கு.”

“என்னமோன்னு சொல்லாத. அதுக்கு ஒரு பேர் இருக்கும்.”

“அப்ப நீங்களே வந்து கேளுங்க. எங்கிட்டச் சொல்ல மாட்டேங்கு.”

இலஞ்சியம் வந்து பார்த்தாள். முழங்கால் உயரத்தில் ஒரு சடங்கு நின்றிருந்தது. நெடுந்தொலைவு நடந்து வந்ததுபோலக் கால்களில் செம்மண் படிந்திருந்தது. கழுத்தில் நிறம் மங்கிய ஒரு மஞ்சள் நூல் தொங்கியது. இலஞ்சியம் அதை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தாள். பிறகு உள்ளே வரச் சொன்னாள். அது வாசற்படியில் கால் துடைத்துவிட்டு வந்து, கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

அவள் இன்னதென்று சொல்லவில்லை. பூரணமும் கேட்கவில்லை. மதினி ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

பெயர் காணாத சடங்கை ஊரில் வைத்திருக்கும் வழக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் வெளியூருக்கு ஏற்றி அனுப்பிவிட வேண்டும். அதற்கு அரை டிக்கெட். தனியே அனுப்பக் கூடாது என்பதால், வீட்டிலிருந்து ஒருவர் உடன்போக வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெயர் சொல்லப்படாமல் புறப்படும் சடங்கு, தான் எதற்கு உரியதோ அதையும் அந்த வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விடும். செக்கடித் தெருச் சங்கரலிங்கம் வீட்டில் ஒருமுறை இப்படித்தான் அவசரப்பட்டு, இலஞ்சியத்தைக் கேளாமலே ஒன்றை அனுப்பிவிட்டார்கள். அது விடைபெறுதலுக்கு உரியது என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் அந்த வீட்டிலிருந்து யாராலும் விடைபெற முடியவில்லை. தீபாவளிக்கு வந்த மருமகன் அதே பட்டு வேட்டியோடு இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவ்வப்போது வாசல்வரை வந்து, செருப்பில் ஒரு காலை நுழைத்து, “அப்புறம்…” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார்.

இலஞ்சியம் முறைப்படி ஆராயத் தொடங்கினாள். மஞ்சளை அரைத்து அதன் முன்னே வைத்தாள். மங்கலச் சடங்கானால் தானாகவே நெற்றியை நீட்டும். அது நீட்டவில்லை. குத்துவிளக்கை ஏற்றினாள்; அது அருகில் வந்து, விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. கைப்பேசியில் கெட்டிமேளம் ஒலிக்கச் செய்தாள். அது சற்றே தலையைத் தூக்கி, தனக்கு முன்பே தெரிந்த செய்தியைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, மறுபடியும் தலையைத் தாழ்த்திக்கொண்டது. துக்கச் சடங்கோ என்று தெற்கு நோக்கித் திருப்பி வைத்தாள், அது திரும்பிக்கொண்டது.

அவள் வேறு பொருள் எடுக்க உள்ளே போன நேரத்தில், பூரணம் ஒரு கிண்ணத்தில் சுண்டலைக் கொண்டுவந்து அதன் முன்னே வைத்துவிட்டாள்.

“நல்லதா துக்கமான்னு தெரியாம, தாளிச்ச சுண்டலை வைக்கலாமா பூரணம்?”

“துக்கத்துக்கும் பசிக்குமே மதினி.”

“நோன்பா இருந்தா?”

“நோன்புன்னா கிண்ணத்தப் பாக்காது. இது பாத்துச்சு. ரெண்டு தடவ பாத்துச்சு.”

பார்த்ததே தவிர, உண்ணவில்லை. இலஞ்சியம் கிண்ணத்தை எடுத்துச் சமையல் மேடைமேல் வைத்தாள். பின்பு அந்த நூலை அகற்ற முயன்றாள். மண்டபத்துக்கு வரும் எந்தச் சடங்கிலும் ஏதேனும் ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். காப்பு நூலோ, பந்தல் நூலோ, பூத்தொடுத்த நாரோ வழியில் சிக்கியிருக்கும். அவற்றை நீக்கிய பிறகே உள்ளே அனுப்புவது அவள் வழக்கம். இந்த நூலில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. நகத்தால் நெருடிப் பார்த்தாள், அசையவில்லை. அவிழாத முடிச்சுகள் தட்டுத் தட்டாகக் கிடக்கும் வீட்டில், இன்னும் இரண்டு முடிச்சுகளைத் தனியே உற்றுநோக்க அவளுக்குத் தோன்றவில்லை. தரையில் இழுபடாதபடி நூலை அதன் கழுத்தில் சுற்றிச் செருகிவிட்டு, அடுத்த ஆராய்ச்சிக்குப் போனாள்.

பூரணமோ அதைத் தொடவே இல்லை. மதினியின் வேலையில் கைவைப்பது அவளுக்குப் பழக்கமில்லை.

புதன்கிழமை கதிரேசன் தொலைபேசியில் அழைத்தான். பூரணம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததால் இலஞ்சியம் எடுத்தாள். 

“அத்தை, இங்க வந்துரச் சொல்லி அம்மாட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னாச் சிரிச்சிட்டுப் போயிருது. மாமா இருந்தவரைக்கும் சரி. இப்ப அந்த வீட்ல அம்மா என்ன முறைல இருக்குன்னு யாரும் ஒரு வார்த்தை கேட்டுட்டா? உங்களுக்கும் சங்கடம். இங்க ரூம் எல்லாம் ஒழிச்சு வச்சிட்டேன்.”

“சொல்றேன்ப்பா.”

“நீங்க தப்பா நெனைக்கலயே?”

“இதுல தப்பா நெனைக்க என்ன இருக்கு?”

அவன் பேச்சில் தவறு எதுவும் இல்லை. அதுதான் இலஞ்சியத்தை வருத்தியது. பூரணம் போக வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஆசை. ஆனால் தடுத்துச் சொல்ல ஓர் உரிமை வேண்டும். உரிமைக்கு ஓர் உறவு வேண்டும். அந்த உறவின் நடுவே நின்றவர் ஆவுடையப்பன். அவர் இப்போது கூடத்துச் சுவரில், மாலையோடு, படமாக இருந்தார். இரண்டு கரைகளை இணைத்த பாலம் போன பிறகு, கரைகள் ஒன்றையொன்று எந்தச் சொல்லால் அழைப்பது என்பது அவளுக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாத ஒன்றை அவள் வாய் திறந்து சொன்னதே இல்லை.

மாலையில் இருவரும் அவரைக்காய் நறுக்கினார்கள். சடங்கு இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. இலஞ்சியம் எழுந்தால் எழுந்து நின்றது. பூரணம் எழுந்தாலும் எழுந்து நின்றது. இருவரும் உட்கார்ந்த பிறகுதான் தானும் உட்கார்ந்தது.

“கதிரேசன் போன் பண்ணினான்” என்றாள் இலஞ்சியம்.

“தெரியும். எனக்கும் பண்ணினான். நீங்க என்ன சொல்றீங்க மதினி?”

இலஞ்சியம் ஒரு காயின் நாரை மெதுவாக உரித்தாள்.

“அவன் சொல்றது முறைதான்.”

“முறைதான்” என்று பூரணமும் சொன்னாள். அடுத்த காயை எடுத்துக்கொண்டே, “இத வெள்ளிக்கிழமை யாராவது கூட்டிட்டுப் போகணும்லா. நானே போறேன். எப்படியும் போகத்தான போறேன். ஒரே செலவு” என்றாள்.

சடங்கு அவளைப் பார்த்தது. பிறகு இலஞ்சியத்தைப் பார்த்தது.

வியாழக்கிழமை முழுவதும் இலஞ்சியம் மண்டபத்துக்குப் போகவில்லை. அங்கே மூன்று வைபவங்கள் கம்பளமின்றி வெயிலில் காத்து நின்றதாக ஆள் வந்து சொன்னான், நிற்கட்டும் என்றாள். தனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சடங்கின் முன்னே சொல்லிப் பார்த்தாள். நீராட்டு, பூச்சூட்டு, வளைகாப்பு, பெயரிடல், எழுத்தறிவித்தல், மணிவிழா. அது மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தது. எதற்கும் ‘ஆம்’ என்று எழவில்லை. மறுபுறம் பூரணம் தன்னுடைய தகரப் பெட்டியில் சேலைகளை அடுக்கினாள். அண்ணன் வாங்கிக் கொடுத்த பெட்டி அது. பூட்டு கெட்டுவிட்டதால் நூற்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, இடக்கையால் முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டு, “இத அங்க யாரு அவுப்பா? நாந்தான் அவுக்கணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மூவரும் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். நேரக்காப்பாளர் சவரிமுத்து, சன்னலோர இருக்கையில் பூரணத்தின் பெட்டியை வைத்து இடம்பிடித்துக் கொடுத்தார். சடங்குக்கு அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார். புறப்படும் முன்பு பெயரைக் கடைசியாக ஒரு தடவை கேட்க வேண்டும் என்பது அவருடைய கடமை.

“என்னக்கா, உங்க வீட்டுக்கே ஒண்ணு வந்து, உங்களுக்கே பேர் தெரியலன்னு ஊரே பேசுது. எனக்கு நம்பிக்கையில்ல. சும்மா வெளாட்டுக்குத்தான சொல்றீங்க?”

“இல்ல சவரிமுத்து. தெரியல.”

“அப்ப ஏத்திரவா?”

பேருந்தின் படி உயரமாக இருந்தது. சடங்கு முன்கால்களை அதன்மேல் வைத்து, ஏறாமல் நின்றது. கழுத்தில் செருகியிருந்த நூல் நழுவிக் கதவருகே தொங்கியது.

“கதவுல மாட்டிக்கிடும்” என்று சொல்லி, பூரணம் குனிந்து அந்த நூலைக் கையில் எடுத்தாள். முதல் முடிச்சை இடக்கை விரல்களால் ஒருமுறை திருகினாள். இலஞ்சியத்தின் நகத்துக்கு அசையாதது, அந்த விரல்களுக்கு உடனே இளகியது.

பூரணம் அப்படியே நின்றாள்.

“மதினி.”

“என்ன?”

“இது என் கை.”

இலஞ்சியம் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள். தாம்பூலப் பைகளின் வாயில் நாள்தோறும் காணும் அதே முடிச்சு. வலமாகச் சுற்றி வர வேண்டியது இடமாகச் சுற்றி, தனக்குள்ளே தலையை மறைத்துக்கொண்டிருந்தது.

திருமணத்தின்போது தாலிக்கு முதல் முடிச்சை மணமகன் போடுவார். அடுத்த இரண்டையும் நாத்தனார் போடுவாள். இலஞ்சியத்தின் திருமணத்தன்று பூரணம் பாவாடை தாவணி அணிந்த சிறுமி. கெட்டிமேளத்துக்கு நடுவே, “வலது கையால போடு பிள்ள” என்று பின்னாலிருந்து பலர் அதட்டினார்கள். “வலது கையால போட்டா அவுந்துரும்” என்று அவள் மறுமொழி சொன்னாள். தலை குனிந்திருந்த இலஞ்சியம் புகுந்த வீட்டில் முதன்முதலாகக் கேட்ட சொற்கள் அவைதாம்.

“அண்ணன் போன அன்னைக்கு வந்த சடங்கு, அண்ணன் முடிச்ச மட்டுந்தான் அவுத்துருக்கு” என்றாள் பூரணம். “என் முடிச்ச அதால அவுக்க முடியல. நூலோட கழத்திக்கிட்டுப் போயிருக்கு. இது எங்கயோ தனியா நின்னுட்டு, நடந்தே திரும்பி வந்துருக்கு.”

இலஞ்சியம் நிமிர்ந்தாள்.

“பூரணம், அத இறுக்கு.”

பூரணம் இளகிய முடிச்சை மறுபடியும் இறுக்கினாள். இரண்டாவதையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

“சவரிமுத்து, இது திருமணம்.”

“இவ்வளவு சின்னதாவா?”

“மீதி. மூணுல ரெண்டு பங்கு. நடுவுல கனமெல்லாம் போயிருச்சு.”

“யாரோட கல்யாணம்க்கா?”

“என்னோடது.”

“மாப்பிள்ளை?”

“அவர் பங்கு முடிஞ்சிட்டுது. இது நாத்தனார் பங்கு. இது முடியல.”

சவரிமுத்து தலையசைத்தார். பெயர் சரியாகச் சொல்லப்பட்டுவிட்டால், வேறு கேள்வி கேட்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அரை டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டார். “அப்ப நீங்களும் ஏறலியாம்மா?” என்று பூரணத்திடம் கேட்டார். பூரணம் மதினியைப் பார்த்தாள்.

“இவ போனா இதுக்கு யார் இருக்கா?” என்றாள் இலஞ்சியம். “நம்ம வீட்ல கல்யாணம் நடந்துக்கிட்டுல்லா இருக்கு.”

சவரிமுத்து விசில் ஊதினார். பேருந்து புறப்பட்டது. சன்னலோர இருக்கையில் தகரப் பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதை இறக்க வேண்டுமென்று மூவருள் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

திரும்பி வரும்போது சடங்கு இருவருக்கும் நடுவில் நடந்தது. செக்கடித் தெருவில் சங்கரலிங்கத்தின் மருமகன் ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்று, “என்ன விசேஷம்?” என்று கேட்டார். “விசேஷம் இல்ல, திருமணம்” என்று இலஞ்சியம் திருத்தினாள். வீட்டை அடைந்ததும், திருமணங்களுக்கு உரிய முறைப்படி கூடத்தின் மூலையை ஒழித்துப் பாய் விரித்தாள். முடிச்சுக்கு அடுத்தது பால் பழம் என்பதால், பூரணம் ஒரு கிண்ணத்தில் பாலைக் காய்ச்சி ஊற்றி, வாழைப்பழத்தைப் பிசைந்து கொண்டுவந்தாள். சடங்கு இம்முறை உண்டது. முழுவதையும் உண்ணவில்லை. மீதத்தை மூக்கால் இலஞ்சியத்தின் பக்கம் தள்ளியது. அவள் பாதியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பூரணத்திடம் கொடுத்தாள். சுவரில் ஆவுடையப்பன் எப்போதும்போல இருந்தார்.

“நீங்க எடுத்து வச்ச அந்தச் சுண்டல்?” என்றாள் பூரணம்.

“அது ஊசிப்போயிருக்கும்.”

“நான் அன்னைக்கே சொன்னேன். பாத்துச்சுன்னு.”

“சொன்ன” என்று ஒப்புக்கொண்டாள் இலஞ்சியம்.

சடங்கு பாயில் படுத்தது. காலையில் பார்த்ததைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது.

மாலையில் கதிரேசன் அழைத்தான். பூரணம் புதிய தாம்பூலப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள், இலஞ்சியம் எடுத்தாள்.

“அத்தை, அம்மா பத்திரமா வந்து சேந்துட்டாங்க. வழியில ஒரு சிரமமும் இல்லையாம். சாப்பிட்டுட்டு சன்னலோரமா, அதே கயித்துக் கட்டோட நிமிந்து உக்காந்துருக்காங்க. பிள்ளைங்க பக்கத்தவிட்டு நகர மாட்டேங்குதுங்க. நீங்க தனியா இருப்பீங்களேன்னுதான் ஒரே கவலையா இருக்காங்க.”

இலஞ்சியம் தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு, அதைப் பூரணத்திடம் சொன்னாள். பூரணம் நூலைப் பல்லில் கடித்தபடி சிறிது யோசித்தாள்.

“ராத்திரிக்குச் சோறு வேண்டாம், ரெண்டு இட்லி போதும்னு சொல்லுங்க மதினி. இன்னும் ரெண்டு வேணும்னு கேக்கும். குடுக்க வேண்டாம். ஒத்துக்கிடாது.”

இலஞ்சியம் அதை ஒரு சொல்லும் பிசகாமல் கதிரேசனிடம் சொன்னாள்.